மருந்து அடிப்பவர்களுக்கு வேண்டியது மாத்திரையா, கையுறையா?

கோத்தகிரி சிறு விவசாயி:
தேயிலையில் சிவப்புச் சிலந்திக்கு நாம் அடிக்கும் ஃபென்பைராக்சிமேட், ஃபெனசாகுயின், புரோபர்கைட் ஆகிய மூன்றுமே சிலந்தியின் செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவை முடக்கித்தான் அதைக் கொல்கின்றன. முதல் இரண்டும் எலக்ட்ரான்களைக் கடத்தும் தொடரின் முதல் கட்டத்தை அடைக்கின்றன. மூன்றாவது, செல்லுக்கு வேண்டிய ஆற்றலான ஏ.டி.பி. உருவாகும் கடைசிக் கட்டத்தை நிறுத்துகிறது. அந்தத் தொடர் சிலந்திக்கும் நமக்கும் பொதுவானது. ஆகவே எங்கள் குழுவின் நிதியில் மீதமுள்ள தொகையைக் கொண்டு, மருந்து அடிக்கும் ஆட்களுக்கு மாதந்தோறும் அந்தத் தொடரில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் கோஎன்சைம் க்யூ10 மாத்திரையும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் வாங்கித் தரலாம் என்று முன்மொழிகிறேன். கொழுந்து விற்ற காசில் அவர்களுடைய உடலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவது நம் கடமை.

கட்டபெட்டு தோட்டக்காரர்:
தம்பி, என் அப்பா காலத்திலிருந்தே இங்கே மருந்து அடிக்கிறோம், அடித்தவர் யாரும் விழுந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில், அதே முதல் கட்டத்தை அடைக்கும் ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்த எலிகளுக்கு, கை நடுங்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் வந்ததைத்தான் எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த எலிகளுக்கு அதை இரத்தக் குழாய் வழியாக, வாரக்கணக்கில் இடைவிடாமல் செலுத்தினார்கள். டேங்கில் தண்ணீர் கலந்து, வருடத்தில் சில நாட்கள் மட்டும் அடிக்கும் ஆளை அந்த எலியோடு ஒப்பிடலாமா? எதுவும் நஞ்சாவது அளவைப் பொறுத்தது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத நேரத்தில் மாத்திரைச் செலவை வேறு ஏற்றாதீர்கள்.

குன்னூர் மருந்தாளுநர்:
எலியைப் பற்றி அண்ணன் சொல்வது சரி. ஆனால் யாரும் விழவில்லை என்பதை ஆதாரமாக என்னால் ஏற்க முடியாது. ஆய்வகத்தில் குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் வளரும் செல்கள், மைட்டோகாண்டிரியா முடங்கினாலும் சர்க்கரையை நேரடியாகச் சிதைத்தே பிழைத்துக்கொள்ளும். அவற்றையே குளுக்கோசுக்குப் பதிலாகக் காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை கொடுத்து வளர்த்தால், மைட்டோகாண்டிரியாவையே நம்பியிருக்க வேண்டும், ஆகவே அதை முடக்கும் அதே மருந்தில் செத்துவிடும். சில மருந்துகளின் இந்த நச்சுத்தன்மை ஆரம்பச் சோதனைகளில் பிடிபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். உடலிலும் அப்படித்தான்: கையிருப்பு இருக்கும்வரை சேதம் வெளியே தெரியாது, தெரிய வரும்போது அது பெரும்பாலும் நரம்பிலோ, கண்ணிலோ, இதயத் தசையிலோ தெரியும்.

மனிதர்களைப் பற்றிய தகவலும் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து அடிப்பவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ரோட்டினோன் அல்லது பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. பாராகுவாட் நம் தோட்டங்களில் களைக்கு அடித்துப் பழகிய மருந்துதான். அது செல்லுக்குள் ஆக்சிஜனைத் திரும்பத் திரும்பச் சூப்பராக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தும் வடிவமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதே மக்களைப் பற்றி 2015இல் வெளியான பகுப்பாய்வில், பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பு கையுறையை ஒழுங்காகப் போடாதவர்களிடம்தான் காணப்பட்டது. இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மாத்திரைக்கு அப்படி ஒரு சான்று கிடையாது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராமும் 2,400 மில்லிகிராமும் கோஎன்சைம் க்யூ10 கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் பயன் தெரியாததால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2014இல் வெளியானது. வைட்டமின் சி, ஈ இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்கும் நன்மை கிடைக்காமல் போனதை 2009இல் ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். உழைக்கும் தசையில் உண்டாகும் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே உடல் தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்வதற்கான தூண்டுதலாக இருக்கிறது. நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்குபவருக்கு உழைப்பால் கிடைக்கும் அந்த நன்மையை நாமே மாத்திரை கொடுத்துக் கெடுக்க வேண்டுமா?

கோத்தகிரி சிறு விவசாயி:
2014 சோதனையில் இருந்தவர்கள் நோய் வந்தபின் மாத்திரை சாப்பிட்டவர்கள். நான் கேட்பது நோய் வருமுன் காப்பது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் கொடுத்துக் கல்லீரலைக் காப்பாற்றுகிறார்களே, அதுவும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்துதானே?

குன்னூர் மருந்தாளுநர்:
அந்த மருந்து பலன் தருவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பாராசிட்டமாலின் நச்சுச் சிதைவுப்பொருள் கல்லீரலைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளைத் தின்று தீர்த்துவிட்டுப் பிறகு மைட்டோகாண்டிரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. தீர்ந்துபோன அந்தப் பொருளைத்தான் என்-அசிட்டைல் சிஸ்டீன் மீண்டும் நிரப்புகிறது, அதையும் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நல்ல பலன். எல்லா நஞ்சுக்கும் பொதுவான கவசம் என்று ஒன்று இல்லை. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவருக்குக் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தையும் பிடிக்கிறது, மைட்டோகாண்டிரியாவின் நான்காம் கட்டத்தையும் தடுக்கிறது. அவருக்கு உடனே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பாராகுவாட் குடித்தவருக்கோ, இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலொழிய அதைக் கொடுக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் ஆக்சிஜனே அந்த நஞ்சுக்குத் தீனி.

கிராம செவிலியர்:
பூச்சிமருந்தை மட்டும் பேசுகிறீர்கள். மருந்து அடிப்பவர்களில் சிலர் காசநோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினெசோலிட், பாக்டீரியாவைப் போலவே நம் மைட்டோகாண்டிரியா புரதம் தயாரிப்பதையும் தடுக்கிறது. கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது இரண்டையும் நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அதற்காக ஒருவரும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளுக்கு முன்னால் தாய்வழியில் யாருக்கேனும் இத்தகைய ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதா என்று கேளுங்கள். மைட்டோகாண்டிரியாவின் மரபணுவில் 1555ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்கள் சாதாரண அளவிலேயே செவித்திறனை இழக்கக்கூடும், அந்த மாற்றம் தாயிடமிருந்தே வருகிறது.

கட்டபெட்டு தோட்டக்காரர்:
கையுறை என்று எழுதுவது சுலபம். இந்தச் சரிவில் பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் சுமந்து போகும் ஆள், நாசில் அடைத்தால் முதலில் கையுறையைக் கழற்றுகிறான், பிறகு நாசிலைக் கழற்றி வாயால் ஊதுகிறான். டேங்கின் மூடி சரியில்லாவிட்டால் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருக்கும். மூட்டம் இறங்கிவிட்டால் அது காயவே காயாது.

குன்னூர் மருந்தாளுநர்:
அண்ணன் இப்போது சொன்னதுதான் உண்மையான ஆபத்து. பாராகுவாட் நல்ல தோலில் அதிகம் ஏறாது. கீறலும் வெடிப்பும் உள்ள தோலில் ஏறும், கவாத்து வெட்டுபவர் கையில் கீறல் இல்லாத நாள் ஏது? ஆளுக்கு இரண்டு மாற்று நாசில், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், நைட்ரைல் கையுறை, மூடிக்குப் புது வாஷர், டேங்க் நிரப்பும் இடத்தில் சோப்பும் தண்ணீரும் வாங்கி வையுங்கள்.

கோத்தகிரி சிறு விவசாயி:
அவ்வளவையும் பட்டியலில் முதலில் சேர்க்கிறேன். கோஎன்சைம் மாத்திரையை நான் நீக்கவில்லை. உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும்.

குன்னூர் மருந்தாளுநர்:
அப்படியானால் வாக்கெடுப்புக்கு முன்பே, இதயத்துக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கோஎன்சைம் க்யூ10 அதன் பலனைக் குறைக்கக்கூடும், வைட்டமின் ஈ அதிகமானால் இரத்தக்கசிவு கூடக்கூடும்.