முழு அறிக்கையைத் தமிழில் கேட்டால் தப்பா?

ஊருணிக்கரை:
நேற்று இந்த மன்றத்தின் குவாரி இழையில் அளவுகோல் சார் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எழுதியது இது: "கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வருகிறது. திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் வந்து மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களால்தான் எந்தத் திட்டமும் நகர மாட்டேன் என்கிறது."

சார், அந்த மைக்கைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் கல்குவாரிக்குக் கூட்டம் போட்டார்கள். முழு அறிக்கை ஒன்றிய அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தது. போனேன். பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு. மறுநாளும் லீவு. மூன்றாவது நடையில் கைக்கு வந்தது செங்கல் கனத்தில் ஒரு புத்தகம், அட்டை முதல் அட்டை வரை இங்கிலீஷ். தமிழில் கிடைத்தது 14 தாள். அதில் "அருகிலுள்ள நீர்நிலைகளுக்குப் பாதிப்பு இராது" என்று ஒரே ஒரு வரி. எந்த நீர்நிலை என்று பெயர்கூட இல்லை.

அக்கா மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளைக் கூட்டிப் போய், அந்த ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நீர்நிலை அட்டவணையில் எங்கள் ஊருணியே இல்லை. குவாரி எல்லைக் கல்லில் நின்று கூப்பிட்டால், ஊருணிப் படியில் குடத்தோடு நிற்கிறவருக்குக் காது கேட்கும். அவ்வளவு பக்கம். இதைத் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்து நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? சொல்லுங்கள்.

அளவுகோல்:
பெயர் சொல்லி இழுத்ததால் பதில் எழுதுகிறேன். மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை, பின்னிணைப்பு 4. சுருக்க அறிக்கை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் இருக்க வேண்டும். முழு அறிக்கையைத் தமிழில் கொடு என்று அதில் எங்கேயும் இல்லை. சட்டம் கேட்காததைக் கொடுக்கவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அட்டவணை விஷயம். நீர்நிலைகளை டோப்போ ஷீட்டை, அதாவது நில அளவை வரைபடத்தை வைத்துத்தான் குறிப்போம். 1:50,000 அளவில் சின்ன ஊருணி விட்டுப்போகும். இந்த அறிக்கைகளைத் தயாரிக்கிற வேலையை 11 வருஷமாகச் செய்கிறேன், கூகுளில் தேடிவிட்டு வந்து எழுதவில்லை. இன்னொன்று. போன மாதம் ஏரி இழையில் இதே கதையைச் சொன்னபோது "12 தாள்" என்று எழுதினீர்கள். இப்போது 14. எது உண்மை?

ஊருணிக்கரை:
ஷீட்டில் விட்டுப்போனது ஊரில் கேட்டால் தெரிந்துவிடும். அதற்குத்தானே சார் கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்? உங்கள் அட்டவணை தமிழில் இருந்திருந்தால் எங்கள் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்துக் காட்டியிருக்கும், "ஊருணியைக் காணோம்" என்று. 12 தாள் சுருக்கம், 2 தாள் வரைபடம். போதுமா?

சட்டப்புள்ளி:
அளவுகோல் சொல்வது அறிவிக்கையின் எழுத்துப்படி சரி. ஆனால் மொழி பற்றி நீதிமன்றம் பேசாமல் இல்லை. அந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாக 2020 வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. படிக்கத் தெரிந்த மொழியில் கொடுக்காமல் கருத்துக் கேட்பதில் அர்த்தமில்லை என்கிற வாதம் அங்கே எடுபட்டிருக்கிறது.

அளவுகோல்:
அது வரைவு அறிவிக்கைக்கு. ஒரு குவாரி அறிக்கைக்கு அல்ல. சட்டம் படித்தவரே இரண்டையும் குழப்பினால் எப்படி? திரும்பவும் சொல்கிறேன்: சட்டம் சொல்வது சுருக்கம். சுருக்கம். சுருக்கம்.

சட்டப்புள்ளி:
நான் குழப்பவில்லை. "எழுத்துப்படி சரி" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். முதல் வரியைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். நீர்ப்பிடிப்பு இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

மீஞ்சூர்வாசி:
எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரில் இருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம். கருத்துக் கேட்பு 2021 ஜனவரி 22 என்றார்கள், ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் ஒத்திவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டுத் தயாராகிறவர்கள் எங்கள் சனங்கள்தான். கழிமுகத்தில் சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கிற அக்காமார்கள் இருக்கிறார்கள். கடல் எந்தப் பக்கம் அரிக்கிறது, எந்த மாதம் முகத்துவாரம் அடைக்கிறது என்று நேரம் சொல்வது போலச் சொல்வார்கள். அந்த அரிப்பைப் பற்றிய அத்தியாயம் மட்டும் இங்கிலீஷில் இருக்குமாம். அதை அவர்கள் எப்படிச் சரிபார்ப்பது?

வளர்ச்சிதான்வழி:
தமிழில் 700 பக்கம் கொடுத்தால் யார் படிக்கப் போகிறார்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வெளியூரில் இருந்து வேனில் வந்து இறங்கினார்கள். உள்ளூர்ப் பையன்கள் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரன் கத்திவிட்டுப் போய்விடுவான், இங்கே உட்கார்ந்திருப்பது நாங்கள்.

ஊருணிக்கரை:
யார் படிப்பார்கள் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள் தம்பி. நான் படிப்பேன். என் அக்கா படிப்பாள். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வரிவரியாகப் படிக்கிற சனம் இது. பிழைப்பு சம்பந்தப்பட்டதென்றால் எத்தனை பக்கமானாலும் படிக்கும்.

வெளியூர்க்காரன் பேச்சுக்கும் வருகிறேன். கூட்டத்துக்கு வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே பின்னிணைப்பு 4 சொல்கிறது. அளவுகோல் சாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் மறுக்க மாட்டார். எங்கள் கூட்டத்தில் கம்பெனிக்காரர் வெளியூர், அறிக்கை எழுதியவர் வெளியூர், டிராக்டரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்கள் மூன்று ஊர் தள்ளி. எங்களுக்காக ஒரு வக்கீல் வந்தால் மட்டும் அவர் வெளியூரா?

கரும்பலகை:
நான் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்த் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "சுற்றுப்புறக் காற்றுத் தர அடிப்படைநிலைக் கண்காணிப்பு முடிவுகள் வரம்பிற்குட்பட்டதாகக் காணப்படுகிறது." ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. "முடிவுகள் காணப்படுகிறது" என்று ஒருமை பன்மை வேறு இடிக்கிறது. தூசு எவ்வளவு பறக்கும், எத்தனை மணிக்கு வெடி வைப்பார்கள், இதை எழுத நல்ல தமிழ் இல்லையா? சுருக்கமே இந்த லட்சணம் என்றால் முழுசை யாரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பார்கள்? எனக்கு அந்தக் கவலையும் இருக்கிறது.

அளவுகோல்:
டீச்சரே சொல்லிவிட்டார். தொழில்நுட்ப அறிக்கையைத் தமிழாக்கினால் யாருக்கும் புரியாது.

கரும்பலகை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை! நல்ல தமிழில் எழுதுங்கள் என்றேன். என் வார்த்தையைத் திருப்பாதீர்கள்.

வளர்ச்சிதான்வழி:
டீச்சர், அரசாங்கச் சம்பளம் மாதா மாதம் வருகிறவர்களுக்கு ஒருமை பன்மை பார்க்க நேரம் இருக்கிறது.

கரும்பலகை:
நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தெரியாமல் பேச வேண்டாம்.

ஊருணிக்கரை:
டீச்சரை விடுங்கள், என்னோடு பேசுங்கள். அளவுகோல் சார் மூன்று தடவை "சுருக்கம்" என்று எழுதினார். நானும் எழுதுகிறேன்: முழு அறிக்கை. முழு அறிக்கை. முழு அறிக்கை.

கூட்டத்தில் நான் பேசியது என்ன ஆனது தெரியுமா? கல்யாண மண்டபம், வாசலில் போலீஸ், மேடையில் அதிகாரிகள். ஊருணி உங்கள் அட்டவணையில் இல்லை, பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று சொன்னேன். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். "நீர்நிலை குறித்து ஒருவர் கருத்துத் தெரிவித்தார்." அவ்வளவுதான். ஊருணியின் பெயர் அங்கேயும் ஏறவில்லை. எழுந்து நின்று பெயரை எழுதச் சொன்னேன். எழுதிக்கொள்கிறோம், உட்காருங்கள் என்றார்கள்.

சட்டப்புள்ளி:
அந்தக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வாசித்தபோதே எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுத்தீர்களா?

ஊருணிக்கரை:
கொடுக்கவில்லை. அப்போது எனக்கு அது தெரியாது.

அளவுகோல்:
பார்த்தீர்களா. நடைமுறை தெரியாமல் போய்விட்டு நடைமுறையைக் குறை சொல்வது.

மீஞ்சூர்வாசி:
நடைமுறை தெரிந்தவர்கள் ஊருக்கு வந்து சொல்லிக் கொடுத்தீர்களா? 11 வருஷம் என்று பெருமை பேசுகிறீர்களே, ஒரு ஊருணிக் கரையிலாவது நின்று அதன் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா?

அளவுகோல்:
என் தொழிலைக் கேவலமாகப் பேச வேண்டாம். வெயிலில் மூன்று மாதம் காற்றுக் கருவி வைத்துவிட்டு ராத்திரி காவல் இருந்திருக்கிறேன்.

ஊருணிக்கரை:
உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கருவி சொன்ன கணக்கை எனக்குத் தமிழில் காட்டுங்கள் என்கிறேன்.

தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். ஸ்டெர்லைட் இரண்டாவது உருக்காலை வேலையை நிறுத்தி, கருத்துக் கேட்பு நடத்தச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட தேதி 2018 மே 23. துப்பாக்கிச் சூடு நடந்து மறுநாள். நேரத்தில் கேட்டிருந்தால் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் கருத்துக் கேட்பு என்ற பேச்சே இல்லாமல் டங்ஸ்டன் ஏலம் விட்டார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, மதுரைக்கு ஊர்வலமாகப் போன பிறகுதான் 2025 ஜனவரியில் ரத்தானது.

இப்போது அணுக் கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் அலுவலகக் குறிப்பாணை போட்டுவிட்டார்கள். நாம் தமிழ் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே கூட்டமே போய்விட்டது.

வளர்ச்சிதான்வழி:
அரிட்டாபட்டி தொல்லியல் விஷயம். அதையும் குவாரியையும் ஒன்றாக்காதீர்கள்.

மீஞ்சூர்வாசி:
அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இலேயே அறிவிக்கப்பட்டது. தொல்லியல் மட்டும் என்று யார் சொன்னது?

வளர்ச்சிதான்வழி:
குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் தொல்லியல் இல்லாமல் வேறு என்ன?

அளவுகோல்:
தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டது. என் கேள்வி அப்படியே நிற்கிறது. 12 தாளா, 14 தாளா? வரைபடத்தோடு சேர்த்தா, சேர்க்காமலா? ஏரி இழையில் வரைபடம் என்ற சொல்லே இல்லை.

ஊருணிக்கரை:
இன்று ராத்திரி எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன். எண்ணிக்கொள்ளுங்கள். கூடவே எல்லைக் கல்லில் நின்று ஊருணியையும் ஒரு படம் எடுத்துப் போடுகிறேன். அந்த அட்டவணை உங்கள் ஆபீஸிலும் இருக்கும். நீங்கள் அந்தப் பக்கத்தைப் போடுங்கள்.

அளவுகோல்:
வாடிக்கையாளர் அறிக்கையைப் பொதுவெளியில் போட முடியாது. தாள் எண் தெரிகிற மாதிரி எடுங்கள்.

சட்டப்புள்ளி:
கூட்டத்துக்கு வைத்த அறிக்கை பொது ஆவணம். போட முடியாது என்று எந்த விதி சொல்கிறது?

அளவுகோல்:
மறுபடியும் குழப்புகிறீர்கள்.