டெக்சஸ்ல துவக்கு லைசன், ஜோர்ஜியால பழைய கேஸ்: ஃபோமில என்ன போடுற?

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில சின்னக் கொம்யூனிகேசன் ஒண்டு வச்சிருக்கன், ஊருக்கே ஃபோம் நிரப்பிக் குடுக்கிற ஆள் நான்தான். இப்ப ஹூஸ்டன்ல இருக்கிற அக்காட புருசன் வாட்ஸப்பில ஒண்டு அனுப்பி நிரப்பித் தா எண்டுறார், பாத்தா கைத்துவக்கக் கொண்டு திரியிற லைசன். ஆளுக்கு பெற்றோல் செட் கடையில ராவு வேலை, ரெண்டு தரம் கள்ளன் வந்திட்டானாம், அக்காவுக்கு நித்திரையே இல்ல.

பிரச்சினை என்னெண்டா 2022 ஒக்டோபர்ல ஜோர்ஜியால இருக்கக்குள்ள 21 வயசு ஆகாத பொடியனுக்கு பியர் வித்துப் பிடிபட்டவர், பொலிஸே ஆள் விட்டுப் பிடிச்சதாம். ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினார், மறியலுக்குப் போகல்ல. "அது வேற ஸ்டேட், சின்னக் கேஸ், இல்லை எண்டு போடு" எண்டுறார். தண்டம் கட்டின ரிசீற்ற படம் எடுத்து அனுப்பியிருக்கார், திகதி இருக்கிற மூலையில அவர்ர பெருவிரல் கிடக்கு. கிறீன்காட் இருக்கு. என்ன செய்ற?

அக்கரைப்பற்று டலஸ்:
தம்பி, இல்லை எண்டு மட்டும் போட்டுராத. கைரேகை எடுப்பாங்க, அது எஃப்பிஐ வரைக்கும் போய்த்தான் வரும், பொய் சொன்னதா பிடிபட்டா அது புதுக்கேஸ், கிறீன்காட்காரருக்கு அது தேவையா?

வேற ஸ்டேட் எண்டு தப்பவும் ஏலா. டெக்சஸ்ல பாக்கிறது அவர் மறியலுக்குப் போனாரா எண்டில்ல, அந்தக் குத்தத்துக்கு மறியல் போட ஏலுமா எண்டு. ஜோர்ஜியால மிஸ்டிமீனர் (சின்னக் குத்தம்) எண்டாலும் 12 மாசம் வரைக்கும் போட ஏலும், அதால அத ஏ கிளாஸ் மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குத்தத்துக்குள்ள பெரிசு எண்டே எடுப்பாங்க. அப்படியெண்டா தீர்ப்பு வந்து அஞ்சு வருசம் முடியிற வரைக்கும் லைசன் இல்ல. இப்ப போட்டா 40 டொலரும் வகுப்புக் காசும் தண்ணிக்குள்ள.

ரிசீற்ற நம்பாத, தீர்ப்பு ஒருநாள் தண்டம் கட்டினது வேறநாள் எண்டும் இருக்கலாம். ஜோர்ஜியா கோட்டுல சீல் குத்தின தீர்ப்புக் கொப்பி எடுக்கச் சொல்லு. பொஞ்சாதிக்கு அடிச்ச கேஸ் இல்லத்தானே? அதுக்கு 1996ல வந்த பெடரல் சட்டம் இருக்கு, துவக்குத் தொடவே விடா.

வெல்லாவெளி வட்டை:
90ல துவக்கக் கண்டா காட்டுக்குள்ள ஓடின சனம், இப்ப இடுப்பில கட்டுறதுக்கு ஃபோம் நிரப்புது 😄 எங்கட மாமா பண்டிக்கு வச்சிருக்கிற ஒரு துவக்குக்கு, 1916ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தால வருசா வருசம் லைசன் புதுப்பிக்க அலையிறார். ஆனை வந்தா அதயும் நீட்ட ஏலா, ஆனைவெடி கொளுத்திப் போட்டுட்டு பரணுக்கு மேல ஏற வேண்டியதான். உங்கட மச்சானுக்கு கடையில கதவுக்குப் பூட்டும் கெமராவும் காணாதாகா?

களுவாஞ்சிப் பொடியன்:
அப்ப 2027 ஒக்டோபர் வரைக்கும் அவர் வெறுங்கையோடயா?

அக்கரைப்பற்று டலஸ்:
அப்படியும் இல்ல, இதத்தான் கனபேர் கவனிக்கிறல்ல. 2021 செப்டெம்பர் 1ல இருந்து டெக்சஸ்ல 21 வயசு தாண்டின, சட்டப்படி துவக்கு வச்சிருக்க ஏலுமான ஆள் லைசன் இல்லாமலே கைத்துவக்கு கொண்டு திரியலாம். அடிதடி, மிரட்டல் மாதிரிக் கேஸில அஞ்சு வருசத்துக்குள்ள குத்தவாளியானா அது ஏலா, பியர் கேஸ் அதுக்குள்ள வராது. ஆனா கடை முதலாளி வேணாமெண்டா வேணாந்தான், அவர்ட்ட முதல்ல கேக்கச் சொல்லு. துவக்கு வாங்க முந்தி அங்க ஒரு லோயர்ட்டயும் தாளக் காட்டட்டும், இது கிறீன்காட் விசயம்.

களுவாஞ்சிப் பொடியன்:
அக்காவப் பிடிச்சுக் கதைச்சன். முதலாளிட்ட ஏற்கனவே கேட்டாராம், மனிசன் அந்தக் கதையே எடுக்காத எண்டு சொன்னதாம், இத எனக்குச் சொல்லல்ல பாருங்க! ஃபோம அழிச்சிட்டன். ரிசீற்ற பெருவிரல் இல்லாம இன்னொருக்கா படம் எடுத்து அனுப்பச் சொன்னன், இப்ப மற்ற மூலைய மறைச்சு அனுப்பியிருக்கார்.