தழும்பேறிய நுரையீரலில் ஏடிஎம்ஏ: எதோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது?

வணக்கம். நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் பிளியோமைசின் மருந்து கொடுத்த சுண்டெலிகளின் நுரையீரலில், 21ஆம் நாள், புரதத்தில் பிணைந்திருக்கும் ஏடிஎம்ஏவை (சமச்சீரற்ற இருமெத்தில் அர்ஜினின்) அளக்கிறோம். பிஆர்எம்டி1 போன்ற நொதிகள் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் ஒரே நைட்ரஜனில் இரண்டு மெத்தில் ஏற்றுவதால் வருவது இது.

பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) செலுத்தி ரத்தத்தை வெளியேற்றி, திரவ நைட்ரஜனில் உறையவைக்கிறோம். அரைத்ததும் உடனே புரதத்தை வீழ்படிவாக்கிவிட வேண்டும். தாமதித்தால் டிடிஏஎச் நொதி தனி ஏடிஎம்ஏவைத் தின்றுவிடும், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ்கள் அதைப் புதிதாக விடுவிக்கும். கழுவிய புரதத்தை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கிறோம். மாஸ் ஸ்பெக்கில் (நிறை நிறமாலைமானி) ஏடிஎம்ஏ, அதன் சமச்சீர் வடிவமான எஸ்டிஎம்ஏ இரண்டுக்குமே நிறை-மின்சுமை விகிதம் 203 என்றாலும், 46 துண்டு முதலாவதையும் 172 துண்டு இரண்டாவதையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

சிக்கல் தழும்பின் நார்ப் புரதமான கொலாஜனில்தான். தழும்பேறிய திசுவில் அது குவிந்து மொத்தப் புரதத்தைக் கூட்டுவதால் மில்லிகிராம் புரதத்துக்கு ஏடிஎம்ஏ குறைந்ததாகத் தெரிகிறது. அர்ஜினினோடு விகிதம் போட்டாலும் தப்பவில்லை, கொலாஜனிலேயே அர்ஜினின் கணிசம். கொலாஜனின் அடையாள அமினோ அமிலமான ஹைட்ராக்சிபுரோலினை அளந்து கொலாஜனின் பங்கைக் கழிக்கலாமா, டிஎன்ஏ அளவுக்கு ஒப்பிடலாமா, அல்லது உட்கருப் பகுதியைத் தனியே பிரித்தெடுப்பதே நல்லதா? தழும்புத் திசுவில் உட்கருவைச் சேதமின்றிப் பிரித்த அனுபவமுள்ளவர்கள், பயன்படுத்திய கரைசலையும் சுழற்சி வேகத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.