கணினி அறிவியல் பட்டப்படிப்பில் கோட்பாட்டுப் பாடங்களை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும்?

கேள்வி: திருமங்கலம் மாணவி

மதுரையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டை முடித்திருக்கிறேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இருந்ததால், நிரல் எழுதும் பாடங்கள் எனக்குக் கடினமாக இல்லை. ஆனால் டிஸ்கிரீட் கணிதத்தை (கணங்கள், தர்க்கம், வரைபடங்கள் பற்றிய கணிதம்) எதற்காகப் படிக்கிறேன் என்பது தேர்வு எழுதிய பிறகும் விளங்கவில்லை. அடுத்து டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், ஆட்டோமேட்டா கோட்பாடு ஆகியவை வர இருக்கின்றன. கோட்பாட்டுப் பாடங்களைத் தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் படித்துவிட்டு, மீதி நேரத்தை இணையதளம் உருவாக்கும் பயிற்சியில் செலவிடும்படி மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். பட்டம் பெற்றவுடன் வேலைக்குச் செல்ல வேண்டிய குடும்பச் சூழல் என்னுடையது. எந்தப் பாடங்களை ஆழமாகப் படிக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையவை என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கணினித் துறை ஆசிரியர், மதுரை

அன்புள்ள மாணவிக்கு, பயிற்சி வேண்டும் என்று அவர்கள் சொல்வது சரி. அதற்காகக் கோட்பாட்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். டிஸ்கிரீட் கணிதத்தில் நீங்கள் படித்த வரைபடக் கோட்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி, பெரியார் பேருந்து நிலையம், ஆரப்பாளையம், திருப்பரங்குன்றம், திருமங்கலம் ஆகியவற்றைப் புள்ளிகளாகவும், இடையிலுள்ள சாலைகளைக் கோடுகளாகவும், பயண நிமிடங்களைக் கோடுகளின் எடையாகவும் குறித்தால், எந்த வழியாகச் சென்றால் விரைவில் சேரலாம் என்பது ஒரு கணிதக் கேள்வியாகிவிடுகிறது. டெய்க்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1959-இல் வெளியிட்ட அல்காரிதம் (படிப்படியான செய்முறை) இதற்கு விடை தருகிறது. இதுவரை உறுதியாகாத நிறுத்தங்களுள் மிகக் குறைந்த நேரத்தில் அடையக்கூடியதை அது ஒவ்வொரு முறையும் எடுத்து, அந்த நேரத்தை இறுதியானதாக உறுதி செய்கிறது. அவ்வாறு உறுதி செய்தது ஏன் பிறகு மாறாது? வேறு எந்த நிறுத்தத்தைச் சுற்றி வந்தாலும் நேரம் கூடுமே தவிரக் குறையாது என்பதால்தான். எடைகளுள் ஒன்று எதிர்ம எண்ணாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. அல்காரிதமும் தவறான விடையைத் தரக்கூடும். அல்காரிதத்தை மனப்பாடம் செய்தவருக்கு அது எங்கே பொய்க்கும் என்பது தெரியாது. நிரூபணத்தைப் படித்தவருக்குத் தெரியும். அடுத்த சிறிய எண்ணை விரைவாக எடுத்துத் தர ஹீப் என்ற அமைப்பு வேண்டும், அது டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் வரும். இரண்டு பாடங்களும் இப்படித்தான் சந்திக்கின்றன.

கணினிக் கட்டமைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். சி++ மொழியில் 5,000 வரிசைகளும் 5,000 நெடுவரிசைகளும் கொண்ட முழு எண் அணி ஒன்றை அமைத்து, அதன் கூட்டுத்தொகையை முதலில் வரிசை வரிசையாகவும் பிறகு நெடுவரிசை நெடுவரிசையாகவும் கணக்கிட்டு, இரண்டுக்கும் ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள். கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறை தெளிவாகப் பின்தங்கும். ஒரு வரிசையின் எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. செயலி பெரும்பாலும் ஒரு நேரத்தில் 64 பைட்டுகளை, அதாவது 16 முழு எண்களை, கேஷ் என்ற, தனக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகத்துக்குக் கொண்டு வருகிறது. நெடுவரிசையாகச் செல்லும்போது அவற்றுள் ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவுகிறோம். நிரலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் காரணம் ஒருநாளும் கண்ணில் படாது.

மறுமொழி: மேலூர்க்காரர், மென்பொருள் பணி

ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இருந்தாலும், மூன்று ஆண்டுகளில் எல்லாப் பாடங்களையும் ஒரே ஆழத்தில் படிப்பது எவராலும் இயலாது. தங்கை உடனடியாக வேலைக்குச் செல்ல வேண்டும் என்பதால், டேட்டா ஸ்ட்ரக்சரும் டேட்டாபேஸும் முதலிடத்திலும், ஆப்பரேட்டிங் சிஸ்டமும் நெட்வொர்க்கும் அடுத்தும் இருக்கட்டும். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் பற்றிய பாடத்தில் முதல் பகுதியை நன்றாகப் படித்தால் இப்போதைக்குப் போதும்.

நிலைக்கு நிலை மாறி இயங்கும் கற்பனை இயந்திரங்களைப் பற்றிய ஆட்டோமேட்டா கோட்பாட்டை மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். தமிழில் நிரல் எழுத விரும்புகிறவர்களுக்கு அது மிகவும் பயன்படும். பைத்தானில் 'மதுரை' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நாம் மூன்று எழுத்துகள் என்போம், அது 5 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'து' என்பது த-வும் உகரக் குறியும், 'ரை' என்பது ர-வும் ஐகாரக் குறியும் சேர்ந்தது. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்துக்கும் தலா 3 பைட்டுகள் என மொத்தம் 15 பைட்டுகள் ஆகின்றன. அந்தச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டால் குறிகள் இடம் மாறி, படிக்க முடியாத ஒன்று கிடைக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு சிறிய நிலை இயந்திரம் போதும். தொடக்க நிலையில் உயிரெழுத்து வந்தால் ஓர் எழுத்து முடிந்தது. மெய்க்குரிய குறியீடு வந்தால் இரண்டாம் நிலைக்குச் சென்று காத்திருக்க வேண்டும். அங்கே உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்னதோடு சேர்த்து ஓர் எழுத்தாக முடிக்க வேண்டும். வேறு ஏதாவது வந்தால், காத்திருந்தது அகரமேறிய மெய் என்று கொண்டு புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்குக் கூடுதல் நிலைகள் தேவைப்படும். இதைத் தாளில் வரைந்துவிட்டு நிரலாக எழுதுங்கள். அந்தப் பாடத்தின் முதல் அலகு உங்களுக்கு முழுமையாக விளங்கிவிடும்.

திருமங்கலம் மாணவி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. டேட்டாபேஸை முதலிடத்தில் வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த எஸ்க்யூஎல் கட்டளைகளை நன்றாகப் பழகிக்கொண்டால் போதாதா? டிரான்சாக்‌ஷன் பற்றிய அலகையும் படிக்க வேண்டுமா?

மறுமொழி: டேட்டாபேஸ் பணியாளர், திருநகர்

அந்த அலகுதான் மிகவும் முக்கியமானது. முழுவதும் நிறைவேற வேண்டும், இல்லையேல் எதுவும் நிறைவேறக் கூடாது என்று பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக்குவதுதான் டிரான்சாக்‌ஷன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரே ஓர் இருக்கை மீதமிருக்கும்போது, மதுரையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் முன்பதிவு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருடைய நிரலும் 'இருக்கை உள்ளதா' என்று கேட்டு, 'உள்ளது' என்ற விடையைப் பெற்று, இருவருக்கும் சீட்டு வழங்கிவிட்டால், தனித்தனியாகப் பார்க்கும்போது எந்தக் கட்டளையிலும் பிழை இருக்காது. பிழை அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வரிசையில் இருக்கிறது. கட்டளைகளை மட்டும் பழகியவர் இதைக் கண்டுபிடிக்கத் திணறுவார், ஏனெனில் தனியாக அமர்ந்து சோதிக்கும்போது நிரல் எப்போதும் சரியாகவே இயங்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரே நேரத்தில் இயங்கும் புரோசஸ்களுக்கு (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) பூட்டுப் போடுவது பற்றி வரும்போதும் இதே சிக்கலைக் காண்பீர்கள்.

கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இரண்டு சாளரங்களைத் திறந்து, இரண்டிலும் டிரான்சாக்‌ஷனைத் தொடங்குங்கள். முதல் சாளரத்தில் இருக்கைக்கான வரிசையை 'ஃபார் அப்டேட்' என்ற சொற்களோடு (அந்த வரிசையைப் பூட்டி வைக்கும் கட்டளை இது) செலக்ட் செய்துவிட்டு, கமிட் செய்யாமல், அதாவது மாற்றங்களை உறுதி செய்து முடிக்காமல், நிறுத்துங்கள். பிறகு இரண்டாவது சாளரத்தில் அதே கட்டளையைக் கொடுத்தால், முதலாவது கமிட் செய்யும் வரை அது விடை தராமல் காத்திருக்கும். இயல்பான அமைப்பில் 50 நொடிகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் பிழைச் செய்தி வரும். அடுத்து, இரண்டு இருக்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சாளரமும் மற்றது பூட்டிய இருக்கையைக் கேட்கும்படி செய்யுங்கள். இப்படி ஒன்றுக்காக ஒன்று முடிவின்றிக் காத்திருக்கும் டெட்லாக் ஏற்பட்டதை மைஎஸ்க்யூஎல் தானே கண்டறிந்து ஒன்றை ரத்து செய்யும். ரத்தான பயணிக்கு உங்கள் நிரல் என்ன விடை சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிப் பழகுங்கள்.