கலைச்சொல்: மார்ஃப் = மரபுக்கோலம்?

வணக்கம். பாம்பு வளர்ப்போர் ‘மார்ஃப்’ (morph) என்பது, மரபணு மாற்றத்தால் நிறமோ வரியோ மாறிப் பரம்பரையாக வரும் தோற்றத்தை. அதற்குத் தமிழ்ச்சொல் பற்றி வந்த கேள்வி:

> மார்ஃப் என்பதற்கு ‘நிறவகை’ போதுமே?

போதாது. பந்து மலைப்பாம்பில் (ball python) பின்ஸ்ட்ரைப் போன்ற மார்ஃப்கள் நிறத்தைவிட வரியைத்தான் அதிகம் மாற்றுகின்றன. ‘வகை’ என்றால் துணையினம் என்று நினைத்துவிடுவார்கள். கோலம் தோற்றத்துக்கும் ஆகும், வரைவுக்கும் ஆகும். எனவே ‘மரபுக்கோலம்’.

சொல் தாங்குமா என்பதை ‘மஞ்சள்வயிறு’ (யெல்லோ பெல்லி) மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாறிய மரபணு ஒரு பங்கு (ஒரு நகல்) இருந்தால் பாம்பு முதல் பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியும். தோலுரித்த மறுநாள் புரட்டிப் பாருங்கள்: வயிற்றின் நடு தெளிவாக இருக்கும், வயிற்றுச் செதில் பக்கச் செதிலைத் தொடும் ஓரத்தில் மட்டும் மஞ்சளும் கருமையும் கட்டம் கட்டமாக மாறிவரும். உரிப்பதற்கு முன் தோல் மங்கிவிடுவதால் அப்போது பார்த்துப் பயனில்லை. இரு பங்கு இருந்தால் ஐவரி: ஏறக்குறைய வெண்மை, முதுகில் மெல்லிய மஞ்சள் கோடு.

இங்கே ‘ஹெட்’ (het, ஒரு பங்கு மட்டும் உள்ளது) என்பதை ‘மறைசுமப்பி’ ஆக்கினால் பிழை. அது அல்பினோ போன்ற ஒடுங்கு பண்புக்குத்தான் (இரு பங்கும் இருந்தால் மட்டுமே தெரியும் பண்பு) பொருந்தும். இது முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஒரு பங்கு இருந்தாலே சிறிது வெளியே தெரிகிறது, இரு பங்கு இருந்தால் முழுதாக. ‘ஒற்றைப்படி, இரட்டைப்படி’ என்றால் ஒற்றைப்படை எண்ணோடு குழம்பும். ‘இருபடி’யைக் கணக்குக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பங்குக்கு ஒற்றைக்கோலம், இரு பங்குக்கு இரட்டைக்கோலம் என்போம்.

சொல் சரியாக இருந்தால் இணைசேர்ப்பும் தெளிவாகும். மஞ்சள்வயிறா என்று ஐயமுள்ள பாம்பை ஒற்றைக்கோலத்தோடு சேர்த்து, 6 முட்டையும் பொரிந்து, ஒரு ஐவரிகூட வரவில்லை என்றால் ‘இது சாதாரணம்’ என்று முடிவுகட்டக் கூடாது. அது மஞ்சள்வயிறாகவே இருந்தாலும் அப்படி நேர 18% வாய்ப்பு உண்டு. இரட்டைக்கோலத்தோடு சேர்த்தால் அந்த வாய்ப்பு 64-இல் 1 மட்டுமே. சோதிக்க ஐவரியே மேல்.

---

ஐயா, மரபுக்கோலம் நன்றாகப் பொருந்துகிறது. ‘இரட்டை’யில்தான் ஓர் ஓட்டை. ஸ்பெக்டர் என்ற மரபுக்கோலம் அதே மரபணுவின் இன்னொரு அல்லீல் (மாற்று வடிவம்). மஞ்சள்வயிற்றோடு சேர்ந்தால் கிடைப்பது சூப்பர் ஸ்ட்ரைப், ஐவரி அல்ல. மஞ்சள்வயிறு கிராவல் என்ற இன்னொரு அல்லீலோடு சேர்ந்தால் ஹைவே. இரண்டு பங்கும் மாறிய பங்குகளே, ஆனால் ஒன்றுபோல் இல்லை. இவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

---

உண்மை. ‘இணைக்கோலம்’ எனலாம், ஆனால் ‘இணை ஓங்குத்தன்மை’யோடு (codominance, இரு பண்பும் சேர்ந்தே தெரிவது) குழப்பும். வளர்ப்போர் ஏற்கெனவே எல்லாவற்றையும் ‘கோடாம்’ (co-dom, இணை ஓங்கு) என்று தவறாகச் சொல்கிறார்கள். ‘கூட்டுக்கோலம்’ எப்படி? முட்டைப் பெட்டிச் சீட்டில் இப்படி எழுதலாம்: ‘தாய்: மஞ்சள்வயிறு, ஒற்றைக்கோலம், தந்தை: ஸ்பெக்டர், ஒற்றைக்கோலம், எதிர்பார்ப்பு: கூட்டுக்கோலம் 4-இல் 1’.