சம்பளம் கன்சல்டன்ட் கட்டணமாக மாறியபோது: டி.டி.எஸ். அனுபவங்கள்

கே.கே. நகர், மதுரை

நான் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் வரைபடம் தயாரிக்கும் சிவில் இன்ஜினியர். 2025 ஏப்ரலில், நான் பணிபுரிந்த நிறுவனம் எங்களில் சிலரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதே வேலைக்கு, அதே மேசையில், கன்சல்டன்ட் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. மாதம் 60,000 ரூபாய் என்ற தொகை மாறவில்லை. ஆனால் முதல் பில்லுக்கு வங்கிக் கணக்கில் ஏறியது 54,000 ரூபாய்தான். மீதி 6,000 ரூபாயை டி.டி.எஸ். என்று, அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரியாக, பிடித்துவிட்டார்கள்.

சம்பளமாக இருந்தால், அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி ஆண்டு முழுவதற்குமான வரியைக் கணக்கிட்டு, வரி வந்தால் மட்டுமே பிடிப்பார்கள். புதிய வரி முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே வராது. தொழில்முறைக் கட்டணம் அதே சட்டத்தின் 194ஜே பிரிவில் வந்தது. அங்கே அந்தக் கணக்கு கிடையாது. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் (2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000) 10 சதவீதம் பிடித்தாக வேண்டும். அதே சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி இன்ஜினியர்கள் தங்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம் என்பதால், என் 7,20,000 ரூபாயில் வருமானம் 3,60,000 மட்டுமே. அது 4 லட்சம் என்ற அடிப்படை விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு ரூபாய்கூட வரி இல்லாத குடும்பத்தின் 72,000 ரூபாய், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும் வரை முடங்கிக் கிடக்கிறது. இது நியாயமே இல்லை. நிறுவனம் செலுத்திவந்த பி.எஃப். பங்கும் நின்றுபோனதால், பழைய 60,000மும் புதிய 60,000மும் ஒன்றல்ல.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. அப்போதைய 197ஆம் பிரிவின்படி படிவம் 13-ஐ டிரேசஸ் என்ற வரித் துறை இணையதளத்தில் தாக்கல் செய்திருந்தால், குறைந்த விகிதத்திலோ பிடித்தமே இல்லாமலோ பணம் தரும்படி வருமான வரி அதிகாரி சான்றிதழ் வழங்கியிருப்பார். இதற்காகப் பீபீகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் முன்தேதியிட்டுச் செல்லாது, ஏற்கெனவே பிடித்த தொகை ரீஃபண்டாகத்தான் வரும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

திருமங்கலம்

நான் வீடுகளுக்கு ஒயரிங் ஒப்பந்தம் எடுப்பவன். எங்களுக்குப் பழைய சட்டத்தில் 194சி பிரிவு. ஒரே பில் 30,000 ரூபாயையோ ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால், தனிநபருக்கு ஒரு சதவீதம்தான் பிடிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு மட்டும் ஒரு பில்டர் 20 சதவீதம் பிடித்துவிட்டார். அவருடைய பான் ஆதாருடன் இணைக்கப்படாததால் செயலிழந்திருந்தது. அப்படிப்பட்ட எண்ணைப் பான் இல்லாததற்குச் சமமாகவே சட்டம் நடத்துகிறது. ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்த பிறகுதான் ரீஃபண்டுக்கு வழி பிறந்தது.

வில்லாபுரம்

கே.கே. நகர் நண்பர் சொன்னவற்றோடு, எங்கள் வீட்டில் நடந்ததையும் சேர்க்கிறேன். என் மனைவி ஓர் அலுவலகத்துக்குக் கணக்குப் பணி செய்து கொடுக்கிறார். ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடித்தார்கள். ஆனால் ஒருவர் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தபோது இரண்டாம் காலாண்டுக்கான வரிசையே இல்லை. பிடித்த தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டி, காலாண்டு அறிக்கையில் அவர் பான் எண்ணுடன் காட்டியிருக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யவில்லை. பிடித்த வரியை மறுபடியும் உழைத்தவரிடம் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொன்னது. அந்தத் தொகையை வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியமும் 2015இல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நம்மிடம்தான் வந்து நிற்கும். பில் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், பிடித்தத்தைக் குறிப்பிட்டு வந்த மின்னஞ்சல் ஆகியவற்றை என் மனைவி தேதிவாரியாக வைத்திருந்ததால், எழுத்தில் கேட்டவுடன் திருத்திய அறிக்கையைத் தாக்கல் செய்தார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 194சி, 194ஜே போன்றவை 393ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. புது ஒப்பந்தத்தில் பழைய எண் இருந்தால், கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். எந்த வகைப் பணி, எத்தனை சதவீதம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.