ஹே சூதான் குற்றவாளி: 'மூன் லவ்வர்ஸ்' முடிவைப் பற்றி ஒரு சண்டை

மூன்றாம்முறை எழுதியது:

'மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ' தொடரை நேற்று மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் இரண்டு முறையும் கடைசி எபிசோடில் தேம்பித் தேம்பி அழுதேன். இம்முறை கோபம்தான் வந்தது. அதுவும் வாங் சோ மீது அல்ல, ஹே சூ மீது.

பார்க்காதவர்களுக்காக: 2016இல் தென்கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்த இருபது எபிசோட் தொடர் இது. நம் காலத்துப் பெண் கோ ஹாஜின் சூரிய கிரகணத்தன்று நீரில் மூழ்குகிறாள். 941ஆம் ஆண்டில், கொரியாவின் பழைய கோரியோ அரசில், ஹே சூ என்ற பெண்ணின் உடலில் கண் விழிக்கிறாள். முதலில் எட்டாவது இளவரசன் வாங் வுக்கை விரும்புகிறாள். பிறகு முகத்துத் தழும்பை முகமூடியால் மறைத்துத் திரியும் நான்காவது இளவரசன் வாங் சோவை. அவன்தான் குவாங்ஜோங் என்ற பெயரில் அரசாளப் போகிறவன்.

குவாங்ஜோங்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உடன்பிறந்தாரின் ரத்தம் படிந்தவன் என்பது மட்டும்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் பாதி மறந்துபோன வரி. அதை வைத்துக்கொண்டு வுக்கிடம் போய், 'சோவிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்று ஓதுகிறாள். அரைகுறையாகத் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? கடைசியில் அவனை அரியணையில் தனியே விட்டுவிட்டுப் பதினான்காவது இளவரசனைத் திருமணம் செய்துகொண்டு போயேவிட்டாள். இதற்கு நாம் கண்ணீர் வேறு விட வேண்டுமாம்.

தமிவோன்பணிப்பெண் எழுதியது:

நீங்கள் மூன்று முறையும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்த்தீர்கள் போலிருக்கிறது.

'போயேவிட்டாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். போவதற்கு முன் என்ன நடந்தது? குடும்பங்களின் ஆதரவு வேண்டும் என்பதற்காகச் சோ இன்னொருத்தியை அரசியாக்கினான். ஹே சூவின் மணிக்கட்டில் தழும்பு இருப்பதால் அவள் அரசனின் மனைவியாகத் தகுதியில்லை என்றார்கள். அந்தத் தழும்பு எப்படி வந்தது? கிழட்டு அரசருக்குத் தன்னைக் கட்டிவைக்கப் பார்த்தபோது அவளே அறுத்துக்கொண்டது! கூடப் பிறந்தவள்போல் பழகிய பணிப்பெண் சேர்யோங் ஒற்று வேலை பார்த்தாள் என்று சோ அவளை அடித்தே கொல்ல வைத்தான். அதற்குப் பிறகும் அந்த அரண்மனையில் மூச்சுவிட முடியுமா? இதய நோய் வேறு.

போன பிறகும் எழுதிக்கொண்டேதான் இருந்தாள். சோவைப் பார்த்துப் பழகியதால் அவள் கையெழுத்து அப்படியே அவன் கையெழுத்து. அரசனின் எழுத்துப்போல் இருக்கிற கடிதம் ஊர் சுற்றினால் வம்பு என்று ஜங் (அவள் மணந்த அந்தப் பதினான்காவது இளவரசன்) அதை இன்னொரு உறைக்குள் போட்டுத் தன் கையால் மேலே எழுதி அனுப்புகிறான். தம்பி வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்துச் சோ பிரிக்காமலேயே ஒதுக்கிவிடுகிறான். செய்தி வந்து, ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவள் சாம்பலாகிவிட்டாள். பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? குற்றவாளிக் கூண்டு உங்களுக்கு அவ்வளவு அவசியமென்றால் அதில் அந்தச் சோம்பேறி அரசனை ஏற்றுங்கள்.

ஊதுபத்தி எழுதியது:

இரண்டு பேருமே கதாபாத்திரங்களைத் திட்டுகிறீர்கள். நான் எழுதியவர்களைத் திட்டுகிறேன்.

காலப்பயணக் கதைக்கு ஒரு சட்டம் வேண்டும். 2013இல் வந்த 'நைன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஊதுபத்திகள். ஒன்றைக் கொளுத்தினால் சரியாக இருபது ஆண்டு பின்னால் போகலாம். அது எரிந்து முடியும் அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு பத்தி தீரும்போதும் நமக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே? கிரகணம், தண்ணீர், அவ்வளவுதான். ஏன் போனாள், ஏன் திரும்பினாள், போனதால் ஏதாவது மாறியதா, ஒன்றுக்கும் விடை கிடையாது. இதன் மூலமான சீனத் தொடர் 35 எபிசோட். அந்தக் கதையை இருபதுக்குள் திணித்ததால் கடைசி எபிசோடில் பல ஆண்டுகள் பஸ் ஜன்னலில் மரம் ஓடுவதுபோல் ஓடிவிட்டன.

கேசோங்_வாசகன் எழுதியது:

சட்டம் இல்லாமல் இல்லை, வேறு மாதிரி இருக்கிறது. அதற்குமுன் உண்மையான குவாங்ஜோங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடரைவிட அவர் கதை எனக்குப் பிடிக்கும்.

கோரியோவை 918இல் நிறுவிய தேஜோவுக்கு 29 மனைவியர், 25 மகன்கள். ஆசையினால் அல்ல (அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம்). ஒவ்வொரு வட்டாரத்தையும் ஒரு பெரிய குடும்பம் கையில் வைத்திருந்தது. படையெடுப்பதைவிடப் பெண்ணெடுப்பது மலிவு. விளைவு, அவர் கண் மூடியதும் ஒவ்வொரு இளவரசனுக்குப் பின்னாலும் ஒரு தாய்வீடு வாளோடு நின்றது. 943இலிருந்து 949 வரை ஆறே ஆண்டில் இரண்டு அரசர்கள் வந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் குவாங்ஜோங்.

வந்தவர் உடனே வாளை எடுக்கவில்லை. முதல் ஏழெட்டு ஆண்டுகள் அமைதி. அவரை வெறுத்த சோய் சியுங்னோ என்ற அறிஞரே 982இல், பின்னால் வந்த அரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் அந்தத் தொடக்க ஆண்டுகளைப் புகழ்கிறார். 956இல் முறைகேடாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கும் சட்டம். பெரிய வீடுகளின் ஆள்பலம் போயிற்று. 958இல் அரசுப் பணிக்குத் தேர்வு, பதவியும் போயிற்று. 960 முதல்தான் களையெடுப்பு. ரத்தக்கறை உண்மை, ஆனால் தொடர் அதை முன்னால் இழுத்துவிட்டது. முகத்தழும்பும் முகமூடியும் முழுக்கக் கற்பனை.

ஆகவே மூன்றாம்முறை அவர்களே, ஹே சூ வாயைத் திறந்தாலும் மூடினாலும் அந்த 25 பேரின் தாய்வீடுகள் அங்கேதான் இருந்திருக்கும். அவள் எதையும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. தொடரின் சட்டம் அதுதான்.

மூன்றாம்முறை எழுதியது:

இதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழை வேண்டும் சடங்கை மறந்துவிட்டீர்களா? தழும்போடு ஊர் முன் நிற்க முடியாமல் சோ ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். அழகுசாதனக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள் அல்லவா, அவள் விரலால் பூச்சைத் தொட்டுத் தொட்டுத் தழும்பை மறைக்கிறாள். அவன் முகமூடி இல்லாமல் தெருவில் நடக்கிறான், மழையும் கொட்டுகிறது. அன்றைக்குத்தான் மக்கள் அவனை அரசனாகப் பார்த்தார்கள். அவள் வராவிட்டால் குவாங்ஜோங்கே இல்லை. தெரியாமல் ஆக்கியவளும் அவள், தெரிந்துகொண்டு பயந்தவளும் அவள்.

ஊதுபத்தி எழுதியது:

அட, இது ஒரு சட்டம்தான். அவள் படித்த வரலாற்றையே அவள்தான் உண்டாக்கினாள் என்கிறீர்கள். எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நம்பவில்லை. ஆனாலும் நன்றாக இருக்கிறது.

தமிவோன்பணிப்பெண் எழுதியது:

அப்படியென்றால் 956இல் அடிமைகள் விடுதலையானதிலும் அவளுக்குப் பங்கு உண்டு. பழியை மட்டும் அவள் கணக்கில் எழுதி, புண்ணியத்தைச் சோவிடம் கொடுக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

மூன்றாம்முறை எழுதியது:

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏழாவது எபிசோடைத் தாண்டி எங்கோ அந்த மழைக் காட்சி வருகிறது என்று நினைவு. இன்றிரவு தேடிப் பார்த்துவிட்டு வந்து மீண்டும் சண்டை போடுகிறேன்.

தமிவோன்பணிப்பெண் எழுதியது:

நான்காம்முறை என்று பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள்.